கடைமடையும் 28 மடங்கும்

அம்பாசமுத்திரம் நெல் ஆராய்ச்சி நிலையம் தந்த ரகம்தான் அம்பை 16. புது ரகம் தேறுமா என்று பார்க்க, வயலைச் சிறு பாத்திகளாகப் பிரித்து, எந்தப் பாத்திக்கு எந்த நெல் என்பதைச் சீட்டுக் குலுக்குவதுபோல் முடிவு செய்வார்கள். இல்லாவிட்டால் ஜெயித்தது நெல்லா மண்ணா என்று தெரியாது. கன்னடியன் கால்வாய்ப் பாசனக்காரர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். மடையை ஒட்டிய வயலும் கடைமடை வயலும் ஒன்றா என்ன?

மென்பொருள் உலகம் வழுக்கியது இங்கேதான். 1968-இல் சாக்மன், எரிக்சன், கிராண்ட் என்ற ஆய்வாளர்கள் மூவரும் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். கணினி முன் உட்கார்ந்து உடனுக்குடன் பிழை திருத்துவது வேகமா, புரோகிராமைக் கொடுத்துவிட்டு விடை வரும்வரை காத்திருந்து திருத்துவது வேகமா? அனுபவமுள்ள 12 பேரை வைத்துப் பார்த்தார்கள். புரோகிராம் எழுதக் கொடுத்த ஒரு கணக்கில் பிழை திருத்த ஒருவருக்கு 6 மணி நேரம், இன்னொருவருக்கு 170. அதாவது 28 மடங்கு! கேட்ட கேள்வியை எல்லோரும் மறந்துவிட்டு, அந்த எண்ணை மட்டும் பிடித்துக்கொண்டார்கள். 'ஒரு சூரப்புலி பத்துப் பேருக்குச் சமம்' என்ற பேச்சு ஐடி கம்பெனிகளில் இன்னும் ஓயவில்லை.

ஆனால் அந்த 28-க்குள் உடனுக்குடன் திருத்தியவர்களும் காத்திருந்தவர்களும் கலந்திருந்தார்கள். எழுதிய கணினி மொழியும் எல்லோருக்கும் ஒன்றல்ல. மடைவயலையும் கடைமடையையும் சேர்த்து அளந்த கதைதான். 1999-இல் லுட்ஸ் பிரெக்கெல்ட் என்ற கணினி ஆய்வாளர் பழைய தரவை மறுபடி அலசியபோது இடைவெளி வெகுவாகச் சுருங்கியது. முதல் ஆளையும் கடைசி ஆளையும் மட்டும் ஒப்பிட்டால், திணறிய ஒருவரே மொத்தக் கணக்கையும் இழுத்துவிடுவார் என்பது தனிச் சிக்கல்.

சரி, ஒரே ஆளை இரண்டு முறையிலும் வேலை செய்யவிட்டால்? நெல்லுக்கு இல்லாத வம்பு இங்கே உண்டு: மனிதர் முதல் தடவையிலேயே கற்றுக்கொண்டுவிடுவார். அதனால் பாதிப் பேருக்கு வரிசையை மாற்றி, கணக்கையும் மாற்றிக் கொடுப்பார்கள்.

நிஜ ஆபீஸில் இந்த வசதி கிடையாது. வேலை நடக்கும்போதே அளக்க வேண்டும். புரோகிராம் சரியாக ஓடுகிறதா என்று பார்க்கும் டெஸ்டை முதலில் எழுதிவிட்டு அப்புறம் புரோகிராம் எழுதும் முறையை மைக்ரோசாப்டின் 3 அணிகளிலும் ஐபிஎம்மின் 1 அணியிலும் அப்படிப் பார்த்து, 2008-இல் வெளியிட்டார்கள். பிழைகள் 40 முதல் 90 சதவீதம் வரை குறைந்தன. நேரம் 15 முதல் 35 சதவீதம் கூடியது. அந்த நேரக் கணக்கு மட்டும் மேலாளர்களின் உத்தேசம். நம் பக்கம் வரப்பில் நின்றபடியே 'இருபது மூட்டை தேறும்' என்பார்களே, அந்த மாதிரி.