மண்டை ஓட்டைத் திறந்ததும் மூளை இடம் மாறுகிறது: அறுவை அரங்குக்குள் எம்.ஆர்.ஐ. எதற்கு?

மூளைக் கட்டியை அகற்றும் முன்பே எம்.ஆர்.ஐ. எடுத்து, அந்தப் படத்தை நேவிகேஷன் கருவியில் ஏற்றிவிடுவார்கள். மருத்துவர் கையில் உள்ள கருவியின் முனை மூளைக்குள் எங்கே இருக்கிறது என்று திரை காட்டும். ஆனால் மூளை உறையை வெட்டியதும் மூளைத் தண்டுவடத் திரவம் வடிகிறது. வீக்கம் குறையக் கொடுத்த மானிட்டால் மூளையைச் சுருக்குகிறது. கட்டியை எடுக்க எடுக்க அந்த இடம் உள்வாங்குகிறது. இப்படி மூளையின் மேற்பரப்பு 1 செ.மீ. வரை, சிலருக்கு அதற்கு மேலும் நகர்ந்துவிடும். திரையோ பழைய படத்தையே காட்டிக்கொண்டிருக்கும். பேச்சுக்கான பகுதி சில மில்லிமீட்டர் தள்ளி இருக்கும்போது இது சின்னப் பிழையல்ல.

இதைச் சரிசெய்யத்தான் எம்.ஆர்.ஐ. அறுவை அரங்குக்குள்ளேயே வந்தது. 1994-இல் பாஸ்டனின் பிரிகாம் அண்ட் விமன்ஸ் மருத்துவமனையில் 0.5 டெஸ்லா (காந்த வலிமையின் அலகு) கருவி நிறுவப்பட்டது. அதன் இரண்டு காந்த வளையங்களுக்கு நடுவே நின்றுதான் மருத்துவர் வேலை செய்தார். இப்போது பெரும்பாலும் 1.5 அல்லது 3 டெஸ்லா. சில அரங்குகளில் கூரைத் தண்டவாளத்தில் காந்தமே நோயாளியிடம் வரும். சிலவற்றில் நோயாளியை மேசையோடு காந்தத்துக்குள் நகர்த்துவார்கள்.

மருத்துவர் படத்தை நேரலையாகப் பார்த்தபடியே கட்டியை வெட்டுகிறார் என்று பல குடும்பத்தினர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. வேலையை நிறுத்தி, படம் எடுத்து, நேவிகேஷனைப் புதுப்பித்து, மிச்சம் இருந்தால் மீண்டும் தொடர்கிறார்கள். இதனால் அறுவை சிகிச்சை ஏறக்குறைய ஒரு மணி நேரம் நீளும். வெளியே காத்திருப்பவர்களிடம் இதை முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்.

அந்த இடைவேளையில்தான் அதிகக் கவனம் தேவை. முதல் வேலை எண்ணுவது. கத்தி, ஊசி, கவ்வி, டிரில் முனை, பஞ்சுப் பட்டை எல்லாம் கணக்கில் சரியாக வர வேண்டும். ஓர் ஊசி குறைந்தாலும் அது கிடைக்கும்வரை ஸ்கேன் கிடையாது. இந்தக் காந்தம் இரவும் பகலும் இழுத்துக்கொண்டேதான் இருக்கும். 2001-இல் நியூயார்க் மாநிலத்தில் எம்.ஆர்.ஐ. அறைக்குள் கொண்டுவந்த ஆக்சிஜன் சிலிண்டரைக் காந்தம் இழுத்ததில், ஸ்கேனுக்குள் படுத்திருந்த 6 வயதுச் சிறுவன் இறந்துபோனான். 'இது சின்னப் பொருள்தானே' என்ற நினைப்பே கூடாது.

அடுத்த ஆபத்து சூடு. சுருண்டு கிடக்கும் ஈ.சி.ஜி. வயரில் ரேடியோ அலை மின்னோட்டத்தை உண்டாக்கித் தோலைச் சுட்டுவிடும். மயக்கத்தில் இருப்பவர் 'எரிகிறது' என்று சொல்ல மாட்டார். வயர்களைச் சுருளாமல் நேராக விட்டு, தோலுக்கும் வயருக்கும் நடுவே மடித்த துணி வைக்க வேண்டும். தொடையோடு தொடை, கையோடு உடம்பு ஒட்டாமல் திண்டு வேண்டும். நரம்புக் கண்காணிப்புக்குச் செருகிய ஊசிகள் எம்.ஆர்.ஐ.க்கு ஏற்றவை அல்ல என்றால் எடுத்துவிட வேண்டும். காது அடைப்பானையும் மறக்கக் கூடாது. மயக்கத்தில் இருந்தாலும் அந்தச் சத்தம் செவியைப் பாதிக்கும்.

காந்தத் துளையின் விட்டம் 60 முதல் 70 செ.மீ. மட்டுமே. பக்கவாட்டில் படுத்து, தலை கவ்வியில் இறுகியிருக்கும் நோயாளியின் தோள் அதற்குள் நுழையுமா, சுவாசக் குழாய் இழுபடாமல் எட்டுமா என்பதை முதல் கீறலுக்கு முன்பே பார்த்துவிடுவது நல்லது. பாதியில் தெரியவந்தால் செய்வதற்கு ஒன்றுமில்லை.

படத்தைப் படிப்பதிலும் தவறு நேரும். கட்டி எடுத்த குழியில் காற்று நின்றால் ஓரங்கள் கோணலாகத் தெரியும். அதனால் ஸ்கேனுக்கு முன் குழியைச் சலைனால் நிரப்புவார்கள். புதிய இரத்தமும், அறுபட்ட ஓரத்தில் கசியும் கடோலினியமும் (கட்டி படத்தில் பளிச்சென்று தெரிய ஊசியில் ஏற்றும் மருந்து) மிச்சக் கட்டிபோலவே வெண்மையாகத் தோன்றும். கடோலினியம் ஊசிக்கு முன் ஒரு படம், பின் ஒரு படம் எடுத்து ஒப்பிட்டால்தான் வேறுபாடு புரியும். கதிரியக்கவியல் நிபுணர் அந்த நேரத்தில் அரங்கிலேயே இருப்பது எவ்வளவோ மேல்.

பலன் உண்டா என்றால், உண்டு. ஜெர்மனியில் நடந்து 2011-இல் 'லான்செட் ஆன்காலஜி' இதழில் வெளியான ஆய்வில், எம்.ஆர்.ஐ. உதவியோடு செய்தவர்களில் 96 சதவீதத்தினருக்குக் கட்டி முழுமையாக அகற்றப்பட்டது. வழக்கமான முறையில் அது 68 சதவீதம். சிறிய ஆய்வுதான் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். மேலும், மிச்சம் எங்கே இருக்கிறது என்பதை எம்.ஆர்.ஐ. காட்டுமே தவிர, அதை எடுத்தால் பேச்சு போகுமா என்று சொல்லாது. அதற்கு நோயாளியை விழிக்கவைத்துப் பேசச் சொல்லும் முறையோ மின்தூண்டல் சோதனையோதான் வழி.

உண்மையிலேயே நேரலையாகப் பார்த்துச் செய்வது லேசர் சிகிச்சை. சிறு துளை வழியே மெல்லிய ஒளியிழையைச் செலுத்திக் கட்டியைச் சூடாக்குவார்கள். சில விநாடிகளுக்கு ஒருமுறை எம்.ஆர்.ஐ. வெப்ப வரைபடம் தரும். காக்க வேண்டிய பகுதியில் வெப்பம் வரம்பைத் தாண்டினால் லேசர் தானாக நின்றுவிடும். தலை துளி அசைந்தாலும் கணக்கு தவறும், ஏனென்றால் முதலில் எடுத்த படத்தோடு ஒப்பிட்டுத்தான் வெப்பம் கணிக்கப்படுகிறது.

இத்தகைய அரங்கில் சிகிச்சைக்குப் போகிறவர்கள் உடம்பில் உள்ள உலோகம் எதையும் மறைக்க வேண்டாம். பேஸ்மேக்கர், காக்ளியர் கருவி, மூளை இரத்தக்குழாய் வீக்கத்துக்குப் போட்ட பழைய அனியூரிசம் கிளிப், வெல்டிங் வேலையில் கண்ணில் தெறித்த துகள், பச்சை குத்தியது, தோலில் ஒட்டும் மருந்துப் பட்டை எல்லாவற்றையும் சொல்லுங்கள். சிறுநீரகக் கோளாறு இருந்தால் அதையும் சொல்லுங்கள், கடோலினியம் தரலாமா என்பது அதைப் பொறுத்தது. மயக்கம் கொடுத்த பிறகு உங்களிடம் கேட்க வழியில்லை.