தங்க விளிம்பு எங்கே போனது?

செக் நாட்டுத் தலைநகர் பிராகிலிருந்து ஊருக்கு வந்த மச்சான் ஐந்து கண்ணாடி டம்ளர்களைக் கொண்டுவந்து கொடுத்தார். எல்லாமே கையால் ஊதிச் செய்தவை. இரண்டில் வாய்ப்பக்கம் சுற்றித் தங்கக் கோடு, இரண்டில் விரலால் தடவினால் தட்டுப்படுகிற மாதிரி புடைத்து நிற்கும் பூக்கள், ஒன்று மட்டும் மாதுளைச் சிவப்பு, அதில் காட்டுக்குள் ஓடும் மான் ஒன்றைச் செதுக்கியிருந்தார்கள். விவரம் தெரியாமல் தினமும் டிஷ்வாஷரில் போட்டு எடுத்தோம். சில மாதங்களில் தங்கம் திட்டுத் திட்டாகக் காணாமல் போனது, பூக்கள் சுண்ணாம்பு அடித்த சுவர்போல் வெளிறிப்போயின, மான் மட்டும் முதல் நாள் மாதிரியே ஓடிக்கொண்டிருந்தது. ஒரே இயந்திரம், ஒரே சோப்பு, ஒரே சூடு. அப்புறம் ஏன் இந்த ஓரவஞ்சனை?

அலங்காரம் எங்கே உட்கார்ந்திருக்கிறது என்பதில்தான் விஷயம் இருக்கிறது. தங்கம் கண்ணாடியின் மேலே இருக்கிறது, பூ கண்ணாடியோடு ஒட்டி உருகியிருக்கிறது, சிவப்போ கண்ணாடிக்கு உள்ளேயே போய்விட்டது.

செக் நாட்டின் வடபகுதியில், முன்பு போஹேமியா என்று அழைத்த நிலப்பகுதியில், நோவி போர், கமெனிட்ஸ்கி ஷெனோவ் என்று பக்கத்துப் பக்கத்தில் இரண்டு சிற்றூர்கள். கண்ணாடிக்கு நகை போடுவதே இந்தப் பக்கத்துப் பரம்பரைத் தொழில். ஷெனோவில் 1856லேயே இதற்கென்று பள்ளிக்கூடம் திறந்துவிட்டார்கள். கையால் கண்ணாடி செய்யும் கலையை 2023ல் யுனெஸ்கோ தன் மரபுப் பட்டியலில் சேர்த்தபோது அதற்கு விண்ணப்பித்த ஆறு நாடுகளில் செக்கும் ஒன்று.

முதலில் தங்கம். அது உருக 1064 டிகிரி செல்சியஸ் வேண்டும், கண்ணாடியோ 600ஐத் தாண்டிக் கொஞ்சம் போனாலே தொய்ய ஆரம்பித்துவிடும். அதனால் உருக்கிப் பூசுகிற பேச்சுக்கே இடமில்லை. 19ஆம் நூற்றாண்டில் ஜெர்மனியின் மைஸன் பீங்கான் ஆலையில் இதற்கு ஒரு தந்திரம் கண்டுபிடித்தார்கள்: தங்கத்தை ஒரு சேர்மமாக்கி, பிசினும் எண்ணெயும் கலந்த பழுப்புத் திரவத்தில் கரைத்துவிடுவது. சேறு மாதிரி இருக்கும் அதைத் தூரிகையால் இழுத்து, 550 முதல் 600 டிகிரி வரை சூளையில் சுட்டால், பிசின் எல்லாம் எரிந்துபோய்ப் பளபளவென்று தங்கப் படலமும், அதைக் கண்ணாடியோடு பிடித்துவைக்கும் கொஞ்சம் உலோக ஆக்சைடுகளும் மிஞ்சும். படலத்தின் தடிமன் ஒரு மைக்ரானில் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) பத்தில் ஒரு பங்குதான் வரும். தலைமுடி சுமார் 70 மைக்ரான் என்றால் கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். கரகரப்பான ஸ்க்ரப்பரும் பாத்திரம் தேய்க்கும் பவுடரும் அதை வழித்தெடுக்க எத்தனை நாள் ஆகும்?

ஆனால் டிஷ்வாஷரில் யாரும் தேய்ப்பதில்லையே? அங்கே நடப்பது வேறு. அந்த இயந்திரத்துக்கான சோப்பு கடுமையான காரம் (அல்கலி), தண்ணீரோ 60, 70 டிகிரி சூடு. கண்ணாடி என்பது சிலிக்கானும் ஆக்சிஜனும் கைகோத்து நிற்கும் ஒரு வலை; சூடான காரநீரில் இருக்கும் ஹைட்ராக்சைடு அந்தக் கைகளை ஒவ்வொன்றாகப் பிரித்துவிடும். தங்கத்துக்குக் காரம் ஒரு பொருட்டே இல்லை, அது கரையாது. அதைப் பிடித்து வைத்திருந்த உலோக ஆக்சைடுகளும் அடியிலிருந்த கண்ணாடியும் அரிக்கப்பட, நின்ற தரையே நழுவித் தங்கம் உதிர்கிறது. (மைக்ரோவேவில் வைத்தால் இன்னும் சீக்கிரம். படலத்தில் மின்னோட்டம் ஏறிப் பொறி பறக்கும்.)

பூக்கள் எனாமல். பெயரைக் கேட்டுப் பெயின்ட் என்று நினைத்துவிடக் கூடாது, எனாமலும் கண்ணாடிதான். கோபால்ட் மாதிரி நிறம் தரும் உலோக ஆக்சைடுகள் சேர்த்து அரைத்த கண்ணாடித் தூளைக் குழைத்துத் தீட்டி, மறுபடி சூளையில் வைப்பார்கள். டம்ளர் தொய்வதற்குள் பூ உருகியாக வேண்டுமே, அதற்காக ஈயம், போரான், பிஸ்மத் என்று எதையாவது கலந்து உருகுநிலையைக் கீழே இறக்குகிறார்கள். சீக்கிரம் உருகும் கண்ணாடிக்கு வலை தளர்வு, எனவே காரத்துக்கும் அதுதான் முதலில் மடங்கும். எங்கள் பூக்கள் வெளிறியது இப்படித்தான். ஈயம் கலந்த நிறங்கள் வாயில் படக்கூடாது என்பதற்காக, டம்ளரின் வெளிப்பக்கம் விளிம்பிலிருந்து 20 மில்லிமீட்டர் வரைக்கும் தனியாகச் சோதிக்கும் முறையும் இருக்கிறது.

சிவப்புக்கு வருவோம், எனக்குப் பிடித்த பகுதி இது. நோவி போரைச் சேர்ந்த ஃப்ரீட்ரிக் ஏகர்மான் (1777–1864) கண்ணாடிக்குச் சாயம் ஏற்றுவதிலேயே வாழ்நாளைக் கழித்தவர். எனாமல் தீட்டும் ரகசியத்தைத் திருட ஊமைபோல் நடித்து மைஸனில் வேலைக்குச் சேர்ந்தார் என்று ஒரு கதை உண்டு. உண்மையோ இல்லையோ, மனிதரின் பிடிவாதத்துக்குப் பொருந்துகிறது. வெள்ளிச் சேர்மத்தைக் களிமண்ணில் குழைத்துப் பூசிச் சுட்டால் கண்ணாடி மஞ்சளாகும் என்பது ஐரோப்பியத் தேவாலய ஜன்னல்களில் 14ஆம் நூற்றாண்டிலேயே தெரிந்த வித்தைதான். அவர் அதைக் குடிக்கும் கோப்பைகளுக்குக் கொண்டுவந்தார், 1830களில் அதேபோல் செம்புச் சேர்மத்தைப் பூசிச் சுட்டுச் சிவப்பையும் பிடித்துவிட்டார்.

சூட்டில் கண்ணாடிக்குள் இருக்கும் சோடியம், பொட்டாசியம் அயனிகள் சற்று அசையத் தொடங்கும். அவை வெளியே வர, அந்த இடத்தில் செம்பு அயனிகள் போய் உட்கார்ந்துகொள்ளும், பஸ்ஸில் ஒருவர் எழுந்ததும் இன்னொருவர் சீட்டைப் பிடிப்பதுபோல. பிறகு ஆக்சிஜன் குறைந்த, புகை சூழ்ந்த சூளையில் அவை நுண்துகள்களாகத் திரண்டு சிவப்பைக் காட்டும். மேலே மிஞ்சிய களிமண்ணைக் கழுவிவிட்டால் தொட்டுப் பார்க்க எதுவும் இருக்காது, நிறம் உள்ளே இருக்கிறது. சுழலும் சின்னச் செம்புச் சக்கரத்தில் எண்ணெயும் குருந்தம் என்ற கடினமான கல்லின் தூளும் தடவி அந்தச் சிவப்புத் தோலைச் செதுக்கினால், அடியிலிருக்கும் நிறமற்ற கண்ணாடி வெள்ளை மானாக வெளியே வரும். செதுக்கிய இடம் முழுக்க நுண்ணிய சிராய்ப்புகள், ஒளியைச் சிதறடிப்பதால் பனி படிந்த மாதிரி தெரிகிறது. இந்த டம்ளரும் சாகாவரம் பெற்றதல்ல, காரம் இதையும் மெல்ல அரிக்கும். ஆனால் உரிந்துபோக இதில் தனிப் படலம் இல்லையே.

இப்போது எல்லாவற்றையும் வெதுவெதுப்பான தண்ணீர், மென்மையான சோப்பு, பஞ்சு என்று கையால்தான் கழுவுகிறேன், மானின் பள்ளங்களுக்கு மட்டும் பழைய டூத்பிரஷ். கழுவியதும் துடைத்துவிட வேண்டும். ஈரத்தோடு ஒன்றுக்குள் ஒன்று அடுக்கினால், இடுக்கில் தங்கிய தண்ணீர் கண்ணாடியிலிருந்து சோடியத்தை இழுத்துத் தானே காரமாகி அரிக்கத் தொடங்கும்.

ஏற்கெனவே மங்கிவிட்டதா? அலங்காரம் இல்லாத இடத்தில் ஒரு சொட்டு வினிகர் வைத்து ஐந்து நிமிடம் கழித்துத் துடையுங்கள். தெளிந்தால் அது போர் தண்ணீரின் உப்புப் படிவு, கவலை இல்லை. தெளியவில்லை என்றால் கண்ணாடியே அரிபட்டிருக்கிறது, அதற்கு வைத்தியம் கிடையாது.

சூடான காபியும் வேண்டாம். ஊதிச் செய்த டம்ளரில் அடி கனமாகவும் பக்கம் மெல்லிசாகவும் இருக்கும். கண்ணாடி வெப்பத்தைக் கடத்துவதில் மந்தம், உள்பக்கம் சட்டென்று விரிய வெளிப்பக்கம் அப்படியே நிற்க, இழுவை தாங்காமல் விரிசல் ஓடும். சூடான டம்ளரில் குளிர்ந்த தண்ணீர் ஊற்றுவது அதைவிட மோசம்.

வீட்டிலேயே டம்ளருக்குப் பூப்போட ஆசைப்பட்டால், வீட்டு ஓவன் பெரும்பாலும் 250 டிகிரிக்கு மேல் போகாது, எனாமல் அதில் உருகாது. கடையில் கிடைக்கும் 'ஓவனில் சுடும்' கண்ணாடி வண்ணங்கள் உண்மையில் பிசின் வகை, 160 டிகிரிவாக்கில் இறுகுபவை. டம்ளரைக் குளிர்ந்த ஓவனில் வைத்துத்தான் சூடேற்ற வேண்டும், அதற்குள்ளேயே ஆறவும் விட வேண்டும். வாய் வைக்கும் இடத்தைத் தொடாமல் வரையுங்கள். என் மகள் வெளிறிய பூ டம்ளர் ஒன்றின் மேலேயே புதிதாக ஒரு மயில் வரைந்திருக்கிறாள். அதில் இப்போது பேனாக்கள் நிற்கின்றன.