ரீஹாப் முடிந்து அப்பாவோ அம்மாவோ வீடு திரும்பும்போது: வேலூர் பக்கம் அரசிடம் எதைக் கேட்கலாம், எதை நாமே பார்த்துக்கொள்ள வேண்டும்

பக்கவாதம் வந்தோ, விழுந்து இடுப்பெலும்பு முறிந்தோ ஆஸ்பத்திரியில் சேர்த்து, அப்புறம் மறுவாழ்வுப் பிரிவில் சில வாரம் வைத்திருந்து, "இனி வீட்டுக்குக் கூட்டிட்டுப் போகலாம்" என்று டாக்டர் சொல்லும் நாளில்தான், வீட்டில் யார் பார்த்துக்கொள்வது என்ற பேச்சையே நம்மில் பல குடும்பங்கள் எடுக்கின்றன. அது ரொம்பத் தாமதம். டிஸ்சார்ஜுக்கு ஒரு வாரம் முன்னாலேயே தொடங்கினால் பாதி அலைச்சல் குறையும்.

முதலில் ஒன்றை நேராகச் சொல்லிவிடுகிறேன். காலையிலிருந்து ராத்திரி வரை கூடவே இருந்து பார்த்துக்கொள்ள அரசு ஓர் ஆளை அனுப்பாது. முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருக்கிறதே என்று சிலர் நினைக்கிறார்கள். அது ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் உள்ள குடும்பத்துக்கு, ஆஸ்பத்திரியில் நடக்கும் சிகிச்சைக்கானது. வீட்டில் வைக்கும் ஆயா சம்பளத்துக்கோ ஹோம் நர்ஸ் கட்டணத்துக்கோ அதில் பணம் வராது. அரசு தருவது துண்டு துண்டாகப் பல இடங்களில் இருக்கிறது, அந்தத் துண்டுகளைத் தேடி எடுத்துக் கோப்பது நம் வேலை.

இதில் பெரிய துண்டு 'மக்களைத் தேடி மருத்துவம்'. 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய திட்டம். பிரஷருக்கும் சர்க்கரைக்கும் வீட்டுக்கே வந்து மாத்திரை தருவார்கள் என்ற அளவில் எல்லாருக்கும் தெரியும். ஆனால் நமக்கு வேண்டியது அதன் இன்னொரு பக்கம். படுக்கையில் இருப்பவர்களுக்கும் நடமாட முடியாதவர்களுக்கும் வீட்டிலேயே பிசியோதெரபி, வலி நிவாரண நர்ஸின் கவனிப்பு இரண்டும் இதே திட்டத்தில் உண்டு. படுக்கைப் புண்ணுக்குக் கட்டுப் போடுவது, சிறுநீர்க் குழாயைக் கவனிப்பது போன்றவை அந்த நர்ஸின் வேலை. இதற்குக் காசு கிடையாது, வருமானச் சான்றும் கேட்பதில்லை.

கேட்பது எப்படி? கிராமமாக இருந்தால் உங்கள் ஊர் துணை சுகாதார நிலையத்து நர்ஸ், அல்லது வீடு வீடாக வரும் பெண் சுகாதாரத் தன்னார்வலர். வேலூர் மாநகராட்சிக்குள் என்றால் உங்கள் வார்டுக்கான நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையம். அங்கே டிஸ்சார்ஜ் சம்மரியின் நகலைக் கொடுத்து, "இவர் பேரைப் பிசியோ லிஸ்டில் சேருங்க" என்று அந்த வார்த்தையிலேயே கேளுங்கள். சும்மா "அப்பாவுக்கு உடம்பு சரியில்லை" என்று சொன்னால் மாத்திரை லிஸ்டில் சேர்த்துவிட்டுப் போய்விடுவார்கள். எங்கே போவதென்றே பிடிபடவில்லை என்றால் 104க்குப் போன் செய்யலாம்.

ஒரு வட்டாரத்துக்கு ஒரு பிசியோதெரபிஸ்ட் என்ற கணக்கில்தான் இது ஓடுகிறது. அணைக்கட்டு வட்டாரத்தையோ கே.வி.குப்பம் வட்டாரத்தையோ எடுத்துக்கொள்ளுங்கள், மலையடி கிராமம் வரைக்கும் அவரே போக வேண்டும். அதனால் தினமும் வருவார் என்று எதிர்பார்க்காதீர்கள். வரும் நாளில், தினமும் நாம் செய்ய வேண்டிய பயிற்சிகளை ஒவ்வொன்றாகச் செய்துகாட்டச் சொல்லி, அவரிடம் அனுமதி கேட்டுக்கொண்டு செல்போனில் படம் பிடித்து வைத்துக்கொள்ளுங்கள். மீதி நாளெல்லாம் அந்த வீடியோதான் பிசியோ.

இந்தப் பழக்கத்தை மறுவாழ்வுப் பிரிவிலேயே தொடங்கிவிடுவது இன்னும் நல்லது. வேலூருக்கு இந்த விஷயத்தில் ஒரு வரலாறே உண்டு. விபத்தில் கால்கள் செயலிழந்து சக்கர நாற்காலியிலிருந்தே அறுவை சிகிச்சை செய்த டாக்டர் மேரி வர்கீஸின் முயற்சியில், 1966ல் பாகாயத்தில் சி.எம்.சி.யின் மறுவாழ்வு நிலையம் வந்தது. அங்கேயோ, அடுக்கம்பாறை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலோ, வேறு எங்கேயோ இருந்தாலும் சரி, நோயாளி கூட இருக்கப்போவது யாரோ அவரே வந்து கற்றுக்கொள்ள வேண்டும். சென்னையில் வேலை பார்க்கும் மகன் கற்றுக்கொண்டு, வீட்டில் தூக்கி உட்காரவைப்பது மருமகள் என்றால் பயனில்லை.

என்னதான் கற்றுக்கொள்ள இருக்கிறது என்று தோன்றலாம். கட்டிலிலிருந்து நாற்காலிக்கு மாற்றுவதையே எடுத்துக்கொள்ளுங்கள். பக்கவாதம் வந்தவர் என்றால் நாற்காலி அவருடைய நல்ல பக்கத்தில் இருக்க வேண்டும். சக்கர நாற்காலி என்றால் இரண்டு பக்கப் பிரேக்கையும் போட்டுவிட்டு, கால் வைக்கும் தட்டை மடக்கிய பிறகுதான் ஆளைத் தொட வேண்டும். பக்கவாதத்தால் செயலிழந்த கையைப் பிடித்து இழுக்கவே கூடாது, தோள்மூட்டு இறங்கிவிடும். அப்புறம் அந்த வலியாலேயே பயிற்சிக்கு வரமாட்டேன் என்பார்கள். நம் வீடுகளில் பாசமாகச் செய்யும் முதல் தவறே அந்தக் கையைப் பிடித்துத் தூக்குவதுதான். சாப்பாடு கொடுக்கும்போது நிமிர்ந்து உட்காரவைத்து, முடிந்த பிறகும் அரை மணி நேரம் அப்படியே வைத்திருக்க வேண்டும், இல்லையென்றால் புரையேறி நெஞ்சில் சளி கட்டும். தானாகப் புரள முடியாதவரை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்பிப் படுக்கவைக்க வேண்டும். நம்ம ஊர் மே மாத வெயிலில் முதுகு வேர்த்து ஈரமாகவே இருந்தால் படுக்கைப் புண் வருவதற்கு நாள் கணக்கே போதும். இதையெல்லாம் காகிதத்தில் எழுதி வாங்கினால் போதாது, அங்கேயே நர்ஸ் பார்க்க நாமே செய்து பழக வேண்டும்.

ஆள் வைப்பதென்றால், அட்டெண்டர் வேறு, நர்ஸ் வேறு. குளிப்பாட்ட, சாப்பாடு கொடுக்க, டயப்பர் மாற்ற அட்டெண்டர் போதும். மூக்கில் குழாய் போட்டு உணவு, சளி உறிஞ்சுவது, ஊசி என்றால் படித்த நர்ஸ் வேண்டும். எது தேவை என்று டாக்டரிடமே கேட்டு டிஸ்சார்ஜ் சம்மரியில் எழுதச் சொல்லுங்கள். ஏஜென்சி மூலம் வந்தாலும் தெரிந்தவர் மூலம் வந்தாலும் ஆதார் நகல் வாங்கிவைத்து, சம்பளம், வாரத்தில் லீவு நாள், திடீரென்று வராமல் போனால் மாற்று ஆள் யார் என்பதையெல்லாம் முதல் நாளே பேசிவிடுங்கள். அந்தப் பெண்ணுக்குத் தூங்க இடமும் நேரத்துக்குச் சாப்பாடும் வேண்டும் என்பதையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். ராத்திரி முழுக்க விழித்திருந்தவரைப் பகலிலும் வேலை வாங்கினால் அடுத்த மாதம் அவர் இருக்கமாட்டார்.

இனி பணம். உடல் குறைபாடு நிலையாகிவிட்டது என்று டாக்டர் சொன்ன பிறகு மாற்றுத்திறனாளி சான்றும், மாற்றுத்திறனாளிகளுக்கான தேசிய அடையாள அட்டையான யு.டி.ஐ.டி. அட்டையும் வாங்குங்கள். வயசானவருக்கு எதற்கு அந்த அட்டை என்று விட்டுவிடாதீர்கள். 40 சதவீதத்துக்கு மேல் இருந்தாலே பல சலுகைகளுக்குக் கதவு திறக்கும். 75 சதவீதத்துக்கு மேல் கடுமையாகப் பாதிக்கப்பட்டவர்களுக்கு மாற்றுத்திறனாளிகள் நலத்துறையின் பராமரிப்பு உதவித்தொகை உண்டு, அது மாதம் 2,000 ரூபாய். விண்ணப்பம் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில். ஆதரவில்லாத ஏழை முதியவர்களுக்கான முதியோர் உதவித்தொகை தனி, அது வருவாய்த்துறை வழியாக, தாலுகா அலுவலகத்தில். 2023 ஆகஸ்டிலிருந்து 1,200 ரூபாய்.

இங்கே நம் பக்கத்து ஆட்கள் ஒரு விஷயத்தில் நிறைய அலைகிறார்கள். 2019ல் மாவட்டம் மூன்றாகப் பிரிந்த பிறகும் பலருடைய ஆதாரில் 'வேலூர் மாவட்டம்' என்றே இருக்கிறது. ஆற்காடு, வாலாஜா, அரக்கோணம் ஆட்கள் ராணிப்பேட்டைக்கும், ஆம்பூர், வாணியம்பாடி ஆட்கள் திருப்பத்தூருக்கும்தான் போக வேண்டும். சத்துவாச்சாரி கலெக்டர் ஆபீஸில் பாதி நாள் வரிசையில் நின்றுவிட்டு, "இது உங்க மாவட்டம் இல்லம்மா" என்று கேட்டுத் திரும்புவது கொடுமை, அதுவும் வீட்டில் ஒருவரைப் படுக்கையில் விட்டுவிட்டு வந்தவருக்கு. முகவரியை முதலில் திருத்திவிடுங்கள்.

வாக்கர், சக்கர நாற்காலி போன்றவை 60 வயதைத் தாண்டியவர்களுக்கு மத்திய அரசின் ராஷ்ட்ரீய வயோஸ்ரீ யோஜனா முகாம்களில் இலவசமாகக் கிடைக்கும். வறுமைக்கோட்டுக்குக் கீழே உள்ளவர்களும் மாத வருமானம் 15,000 ரூபாய்க்கு மேல் இல்லாதவர்களும் கேட்கலாம். முகாம் எப்போதோதான் வரும். அதுவரை கமோட் நாற்காலிக்குக் காத்திருக்காதீர்கள், அதை மட்டும் முதல் நாளே வாங்கிவிடுங்கள்.

வெளியே போக முடியாதவருக்கு இன்னும் சில விஷயங்கள் வீடு தேடி வரும். முதியவர்களுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் ரேஷன் பொருளை வீட்டில் கொண்டுவந்து கொடுக்கும் தாயுமானவர் திட்டம் 2025 ஆகஸ்டில் தொடங்கியது, அப்போது 70 என்றிருந்த வயது வரம்பைப் பிறகு 65 ஆகக் குறைத்தார்கள். பென்ஷன்காரர்கள் உயிர்வாழ்ச் சான்றுக்குக் கருவூலத்துக்குத் தூக்கிக்கொண்டு போக வேண்டாம், தபால்காரரே வீட்டுக்கு வந்து 70 ரூபாய் கட்டணத்தில் டிஜிட்டல் சான்று எடுத்துத் தருவார். பேங்கும் 70 வயதுக்கு மேல் உள்ளவர்களுக்கு வீட்டுக்கு வந்து சேவை செய்ய வேண்டும் என்பது ரிசர்வ் வங்கி சொன்னது, மேனேஜரிடம் எழுத்தில் கேளுங்கள்.

கடைசியாக, பல வீடுகளில் உண்மையான தகராறு இதுதான்: செலவை யார் பார்ப்பது. ஒரு பிள்ளை மட்டும் சுமக்க, மற்றவர்கள் போன் செய்து விசாரிப்பதோடு நிறுத்திக்கொள்வார்கள். பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்பு நலச் சட்டம், 2007ன்படி தன்னைப் பராமரித்துக்கொள்ள முடியாத தாய் தகப்பன், பிள்ளைகளிடம் பராமரிப்புத் தொகை கேட்டு ஆர்.டி.ஓ. (வருவாய்க் கோட்டாட்சியர்) தலைமையிலான தீர்ப்பாயத்தில் மனு கொடுக்கலாம். வேலூர் மாவட்டத்தில் ஆர்.டி.ஓ. அலுவலகம் வேலூரிலும் குடியாத்தத்திலும் இருக்கிறது. மாதம் 10,000 ரூபாய் வரை உத்தரவிட முடியும். மகள்களுக்கும் இதே பொறுப்பு உண்டு. பார்த்துக்கொள்வார்கள் என்ற நிபந்தனையை எழுதி வீட்டைத் தானமாகக் கொடுத்திருந்து, பிறகு கைவிட்டிருந்தால் அந்தப் பத்திரத்தையே செல்லாததாக்கவும் இச்சட்டத்தின் 23ஆம் பிரிவில் வழி இருக்கிறது. பேசித் தீர்க்க முடிந்தால் அதுதான் நல்லது, முதலில் முதியோர் உதவி எண் 14567ல் பேசிப் பார்க்கலாம். ஆனால் பேச்சு நடக்கும் மாதங்களிலும் டயப்பருக்கும் மருந்துக்கும் காசு வேண்டும், அதனால் மனுவை ரொம்ப நாள் தள்ளிப்போடாதீர்கள். அப்பாவால் நேரில் வர முடியாவிட்டாலும், அவர் அதிகாரம் கொடுக்கும் இன்னொருவர் அவருக்காக மனு கொடுக்கலாம்.