நார்த்தங்காய்த் தண்ணீரும் டீகாஃப் காபியும்

அம்மாவுக்குச் சாயங்காலம் நாலரை மணிக் காபி இல்லாவிட்டால் தலை வலிக்கும். குடித்தாலோ ராத்திரி ஒரு மணி வரை புரண்டு புரண்டு படுப்பாள். டாக்டர் அந்தக் காபியை மட்டும் விட்டுவிடச் சொன்னார். சரி சரி என்று தலையாட்டிவிட்டு வந்தவள், அன்றைக்கே நாலரைக்கு அடுப்பில் பாலை வைத்தாள். அதனால்தான் டீகாஃப், அதாவது தூக்கத்தைக் கெடுக்கும் காஃபீனை நீக்கிய இன்ஸ்டன்ட் காபி வாங்கக் கிளம்பினேன். தெருமுனைக் கடையில் டீகாஃப் என்றதும் டிகாக்‌ஷன் பொடியை எடுத்து நீட்டினார்கள். பெரிய கடை ஒன்றில்தான் ஒரு கண்ணாடி பாட்டில் கிடைத்தது.

மூடியைத் திறந்தால் மாவு போலத் தூளாக இல்லை, நொய்யரிசி அளவில் பழுப்பு மணிகள். ஒரு ஸ்பூன் போட்டு, முதலில் இரண்டு ஸ்பூன் வெந்நீரில் கரைத்துவிட்டுப் பாலை ஊற்றி ஆற்றினேன். ஒன்றும் சொல்லாமல் டம்ளரைக் கொடுத்தேன்.

"என்னடா, பொடியை மாத்திட்டியா?"

"ஏம்மா, நல்லா இல்லையா?"

"காபிதான். ஆனா அடியில ஒரு பிடிப்பு இல்ல."

அந்தப் பிடிப்பு எங்கே போனது? காஃபீனை எடுத்ததால்தானே என்று தோன்றும். காஃபீன் கசக்கும், உண்மைதான். ஆனால் காபியின் கசப்பில் அதன் பங்கு சிறியது. கொட்டையை வறுக்கும்போது அதிலுள்ள குளோரோஜெனிக் அமிலங்கள் உடைந்து உருமாறுகின்றனவே, பெரும்பாலான கசப்பு அங்கிருந்துதான் வருகிறது. அப்படியானால் காஃபீனோடு சேர்ந்து வேறு ஏதோ போயிருக்க வேண்டும். அதைப் புரிந்துகொள்ள, காஃபீனை எப்படி எடுக்கிறார்கள் என்று பார்க்க வேண்டும்.

வறுத்தால் காஃபீன் போய்விடாது. அதன் உருகுநிலையே சுமார் 235 டிகிரி செல்சியஸ். வறுத்த பிறகும் பெரும்பகுதி கொட்டையிலேயே இருக்கும். அதனால் வறுப்பதற்கு முன்பே, பச்சைக் கொட்டையாக இருக்கும்போதே எடுத்துவிடுகிறார்கள். காபிக் கொட்டையிலிருந்து காஃபீனை முதலில் பிரித்தவர் ஜெர்மன் வேதியியலாளர் ருங்க. 1819இல் கவிஞர் கதே அவர் கையில் கொஞ்சம் காபிக் கொட்டையைக் கொடுத்து, இதை ஆராய்ந்து பார் என்றாராம். ஆனால் காஃபீன் இல்லாத காபியைக் கடைக்குக் கொண்டுவர இன்னும் எண்பது வருஷத்துக்கு மேல் ஆனது. பிரெமன் நகர வணிகர் லுட்விக் ரோசேலியுஸ்தான் அதைச் செய்தவர். கப்பலில் வந்த காபி மூட்டைகள் கடல்நீரில் நனைந்துவிட்டன, அந்தக் கொட்டையில் காஃபீன் குறைந்திருந்தது, அதிலிருந்துதான் யோசனை பிறந்தது என்று சொல்வார்கள். 1906இல் காஃபி ஹாக் என்ற கம்பெனி தொடங்கினார். கொட்டையை நீராவியில் ஊதவைத்து, பென்சீன் என்ற கரைப்பானால் காஃபீனைக் கழுவி எடுத்தார்கள். பென்சீன் புற்றுநோய் வரவழைக்கும் என்பது பின்னால்தான் தெரிந்தது. அந்த முறை ஒழிந்தது.

இன்று கரைப்பான் முறையில் இரண்டு பொருள்கள் பழக்கத்தில் இருக்கின்றன. ஒன்று மெத்திலீன் குளோரைடு. சுமார் 40 டிகிரியிலேயே கொதித்துப் போய்விடும் என்பதால், 200 டிகிரிக்குப் பக்கத்தில் வறுத்த கொட்டையில் அநேகமாக மிச்சமிருக்காது. அப்படியும் பத்து லட்சத்தில் பத்து பங்குக்கு மேல் இருக்கக் கூடாது என்று அமெரிக்காவில் விதி உண்டு. மற்றொன்று எத்தில் அசிட்டேட். பழங்களில் இயல்பாகவே இருக்கும் பொருள். கொலம்பியாவில் கரும்பிலிருந்து தயாராவதைப் பயன்படுத்துகிறார்கள்.

எனக்கு மிகவும் பிடித்தது தண்ணீர் முறை. காஃபீன் வெந்நீரில் நன்றாகக் கரையும். அப்படியானால் கொட்டையை ஊறவைத்துத் தண்ணீரைக் கொட்டிவிட்டால் போதாதா? போதாது. சர்க்கரை, அமிலங்கள், வாசனைக்கு வித்தான எல்லாமே கூடவே கரைந்து போய்விடும்.

உப்பில் ஊறிய நார்த்தங்காயை நினைத்துக்கொள்ளுங்கள். உப்பு கூடிப்போனால் வெறும் தண்ணீரில் ஊறப் போடுகிறோம். உப்பு இறங்குகிறது, ஆனால் புளிப்பும் சேர்ந்து இறங்கிவிடுகிறது. அதே காயை எலுமிச்சம்பழம் பிழிந்து, காய்க்குள் இருக்கும் அதே அளவு புளிப்பு ஏற்றிய தண்ணீரில் போட்டால்? வெளியே எவ்வளவு புளிப்போ உள்ளேயும் அவ்வளவு. வெளியேறுகிற அளவுக்கு உள்ளேயும் வந்துவிடும், கணக்கு சமம். உப்பு மட்டும்தான் ஒரே திசையில் இறங்கிக்கொண்டிருக்கும்.

தண்ணீர் முறையும் இதேதான். முதலில் கொஞ்சம் கொட்டையைப் பலி கொடுத்து, அதிலுள்ள அனைத்தும் கரைந்த தண்ணீரைத் தயாரிக்கிறார்கள். அதிலிருந்து காஃபீனை மட்டும் கரித்தூள் வடிகட்டியில் பிடித்துவிடுகிறார்கள். மிச்சம் இருப்பது காபியின் சாரமெல்லாம் நிறைந்த, காஃபீன் மட்டும் இல்லாத தண்ணீர். அதில் புதுக் கொட்டையைப் போட்டால் காஃபீன்தான் வெளியேறும். ஸ்விட்சர்லாந்தில் பிறந்த இந்த யோசனையை இன்று பெரிய அளவில் செய்வது கனடாவில்.

இன்னொரு வழி கார்பன் டை ஆக்சைடு. 31 டிகிரிக்கு மேல் சூடாக்கி, காற்றழுத்தத்தைப் போல் 73 மடங்குக்கு மேல் அழுத்தினால் அது வாயுவாகவும் இல்லாமல் திரவமாகவும் இல்லாமல் ஒரு நிலைக்கு வரும். வாயுபோல் கொட்டைக்குள் புகும், திரவம்போல் காஃபீனைக் கரைக்கும், சர்க்கரையைப் பெரும்பாலும் தொடாது. ஜெர்மனியின் ம்யூல்ஹைமில் வேதியியலாளர் கூர்ட் ஸோசல் 1967இல் கண்டுபிடித்தது இது. ருசியைக் காப்பதில் இதுதான் கெட்டி, ஆனால் இயந்திரச் செலவு அதிகம்.

இத்தனை செய்தும் கொஞ்சம் சர்க்கரையும் அமிலமும் போகத்தான் செய்கின்றன. வறுக்கும்போது வாசனையையும் நிறத்தையும் தருபவை அவைதான். அதுவும் என் பாட்டிலில் இருப்பது இன்ஸ்டன்ட். காஃபீன் எடுத்த கொட்டையை வறுத்து, அரைத்து, தொழிற்சாலையில் பெரிய அளவில் டிகாக்‌ஷன் இறக்கி, அதை வற்றவைத்து உலர்த்தியது. சூடான காற்றில் தெளித்து உலர்த்தினால் தூள். உறையவைத்து வெற்றிடத்தில் பனியை நேராக ஆவியாக்கினால் இந்த மணிகள். ஒவ்வொரு கட்டத்திலும் வாசனை கொஞ்சம் பறந்துபோகும். அம்மாவின் நாக்கு சரியாகத்தான் சொல்லியிருக்கிறது.

லேபிளைப் படிக்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். ஐரோப்பிய விதிப்படி வறுத்த டீகாஃப் கொட்டையில் காஃபீன் 0.1 சதவீதம் வரை இருக்கலாம், இன்ஸ்டன்டில் 0.3 சதவீதம். ஏன் மூன்று மடங்கு? ஒரு கிலோ இன்ஸ்டன்டுக்கு இரண்டரை கிலோ அளவுக்குப் பச்சைக் கொட்டை தேவை. மிஞ்சிய காஃபீனும் அதில் செறிந்துவிடுகிறது. இரண்டு கிராம் ஸ்பூனுக்குக் கணக்குப் போட்டால் அதிகபட்சம் 6 மில்லிகிராம். சாதாரண இன்ஸ்டன்டில் அதே ஸ்பூனுக்கு 60 மில்லிகிராம் அளவில் இருக்கும். உடம்பு அதில் பாதியைக் கழிக்கவே சராசரியாக ஐந்து மணி நேரம் எடுத்துக்கொள்ளும். நாலரைக்குக் குடித்தால் ஒன்பதரைக்கும் 30 மில்லிகிராம் உடம்பில் தங்கி, மூளையில் தூக்கத்துக்கான சைகையை மறித்துக்கொண்டிருக்கும். வயதானவர்களுக்குத் தூக்கம் கெட அதுவே போதும். ஆனால் நெஞ்செரிச்சலுக்காக டீகாஃபுக்கு மாறுகிறவர்கள் அதிகம் எதிர்பார்க்க வேண்டாம்; வயிற்றில் அமிலத்தைத் தூண்டுவது காஃபீன் மட்டுமில்லை.

பிடிப்புக்கு என்ன செய்வது? அம்மாவின் நாக்கு நாற்பது வருஷமாகச் சிக்கரி கலந்த பொடிக்குப் பழகியது. சிக்கரி என்பது ஒரு வேர். வறுத்தால் அதிலுள்ள இன்யூலின் என்ற நார்ச்சத்து கருகி, நிறமும் கனமும் தரும். அதில் காஃபீன் துளியும் கிடையாது. மறுநாள் கால் ஸ்பூன் சிக்கரித் தூளை ஃபில்டரில் போட்டு வெந்நீர் ஊற்றினேன். சொட்டுச் சொட்டாகக் கறுப்பாக இறங்கியது. அதில் டீகாஃப் மணிகளைக் கரைத்து, பாலை ஊற்றி ஆற்றிக் கொடுத்தேன்.

அம்மா பாதி டம்ளர் குடித்துவிட்டு, "பழைய பொடிக்கே போயிட்டியா? ராத்திரி தூக்கம் வராதேடா" என்றாள்.