பனிக்குப் பயந்து ஜன்னலை அடைப்பவர்களுக்கு

தென்மேற்குப் பருவமழை இலங்கை மலையகத்தில் வட்டவளை, நோர்வூட், மஸ்கெலியா தேயிலைத் தோட்டங்கள் பக்கம் இறங்கியதும் எங்கள் வெளிநோயாளர் பிரிவில் வரிசை நீளும், அதில் புதிதாக ஒன்றுமில்லை. போன வாரம் ஒரே காம்பராவிலிருந்து, அதாவது தோட்ட லயத்து வரிசை வீட்டின் ஒற்றை அறையிலிருந்து, ஒரு குடும்பமே வந்து நின்றது. பாட்டி, மகள், மருமகன், இரண்டு பிள்ளைகள். சின்னதுக்கு ஒன்றரை வயது, ஒவ்வொரு மூச்சுக்கும் விலாவுக்குக் கீழே குழி விழுகிறது. நிமோனியா. பாட்டிக்கு எத்தனை நாளாக இருமல் என்று கேட்டால், "அது தீவாளிக்கு முன்னாடியே இருக்கு டொக்டர், அடுப்புப் புகை இருமல்தான்" என்கிறார். சரி, வீட்டில் ஜன்னலைத் திறப்பீர்களா என்று கேட்டேன். எல்லோரும் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார்கள். "பனி பட்டா புள்ளைக்குச் சளி கட்டிருமே!"

இந்தப் பதிலை மழைக்கு மழை கேட்டு அலுத்துவிட்டது. வரிசையில் நிற்கும் ஒவ்வொருவருக்கும் நின்று விளக்க நேரமும் இல்லை. எழுதியே விடுகிறேன்.

பனி சளியைக் கொண்டுவருவதில்லை. மழையும் கொண்டுவருவதில்லை. தடிமன் என்கிற ஜலதோஷமோ இன்புளுவென்சாவோ சின்னமுத்து என்கிற தட்டம்மையோ காசநோயோ, எதுவானாலும் அது இன்னொரு மனிதரின் மூச்சிலிருந்துதான் வருகிறது. நம்பிக்கை இல்லையென்றால் கொழுந்து மலையைப் பாருங்கள். காலைப் பெரட்டு என்கிற ஆள் கணக்கெடுப்பு முடிந்து மலையேறும் பெண்கள் மழைக்குப் போர்த்தும் கொங்காணியைப் போட்டுக்கொண்டு பொழுது சாயும்வரை ஈரத்திலேயே நிற்கிறார்கள். நோய்க்கு மழைதான் காரணம் என்றால் முதலில் விழ வேண்டியவர்கள் அவர்கள்தானே? ஆனால் எங்களிடம் முதலில் வருவது வாசலுக்கே போகாத பாட்டியும், கம்பளிக்குள் சுற்றி வைத்த கைக்குழந்தையும். பனி படவே விடாத பிள்ளைக்கு எப்படிச் சளி பிடித்தது என்று யாரும் ஏன் யோசிப்பதில்லை? பஸ்ஸிலிருந்தோ டியூசன் வகுப்பிலிருந்தோ ஒருவர் கிருமியைக் கொண்டு வந்தார், ஜன்னல் கதவு எல்லாம் அடைத்து இடுக்குகளில் பழைய துணியும் செருகிய அறைக்குள் இரவு முழுக்க அவர் விட்ட மூச்சையே எல்லோரும் இழுத்தார்கள். பக்கத்தில் ஒருவர் பீடி பற்றவைத்தால் மூலையில் படுத்திருப்பவருக்கும் மணக்கிறதல்லவா, இருமுகிறவரின் மூச்சும் அப்படித்தான் அறை முழுக்கப் போய் நிற்கும்.

அப்படியானால் மழைக்காலத்தில் மட்டும் ஏன் கூடுகிறது என்று கேட்பீர்கள். மழை வந்தால் நாம் எல்லோரும் உள்ளே போய்க் கதவைச் சாத்துகிறோம், பெரும்பங்கு அதுதான். குளிர்காற்று மூக்கின் எதிர்ப்பைக் கொஞ்சம் தளர்த்தும் என்பதையும் நான் மறுக்கவில்லை. ஈர உடுப்போடு உட்கார்ந்திருங்கள் என்றும் சொல்லவில்லை. நனைந்தால் துடையுங்கள், உடுப்பை மாற்றுங்கள், சூடாகச் சாயத்தண்ணி குடியுங்கள், பிள்ளைக்குத் தொப்பியும் காலுறையும் போடுங்கள். குளிருக்குப் போர்வை இருக்கிறது. அடைபட்ட காற்றுக்கு ஜன்னலைத் தவிர வேறு மருந்து இல்லை.

ஜன்னலைத் திற என்று சொல்வது எனக்குச் சுலபம், தெரியும். வெள்ளைக்காரன் காலத்துப் பத்துக்குப் பன்னிரண்டு அடி காம்பரா, இரட்டை லயமாக இருந்தால் பின்சுவருக்கு அந்தப் பக்கம் இன்னொரு குடும்பம், காற்று ஒரு பக்கம் நுழைந்து மறுபக்கம் வெளியேற வழியே கிடையாது. இது உங்கள் குற்றமில்லை. குற்றம் யாருடையது என்று எல்லோருக்கும் தெரியும், அவர்களுக்குத் தனியாக எழுதுகிறேன். அதுவரை இருப்பதை வைத்துச் செய்யுங்கள். பகலில் கதவும் ஜன்னலும் சேர்ந்தே திறந்திருக்கட்டும், சாரல் அடித்தால் அந்த நேரம் மட்டும் சாத்துங்கள். இரவில் ஜன்னல் ஒரு சாண் திறந்திருந்தால்கூடப் போதும். சிறுத்தை நடமாடும் தோட்டங்களில் இரவுக் கதவைத் திறக்கச் சொல்ல நான் மடையன் இல்லை, ஜன்னலுக்குக் கம்பிவலை அடியுங்கள். இருமுகிறவரை ஜன்னலோரம் படுக்க வையுங்கள், பிள்ளையை அவரிடமிருந்து எவ்வளவு தள்ள முடியுமோ அவ்வளவு தள்ளி. நம் வீடுகளில் வழக்கம் நேர்மாறு, காய்ச்சல்கார அம்மாவின் நெஞ்சோடுதான் பிள்ளை தூங்கும். பால் குடிக்கும் பிள்ளையைப் பிரிக்க வேண்டாம், தாய் முகக்கவசம் போட்டுக்கொண்டு பால் கொடுக்கட்டும், தாய்ப்பாலை நிறுத்தவே கூடாது.

அப்புறம் அடுப்பு. விறகுப் புகை சூழ்ந்த வீட்டில் சிறுபிள்ளைக்கு நிமோனியா வரும் ஆபத்து ஏறத்தாழ இரண்டு மடங்கு. குளிர்காய வைக்கிறோம் என்று பிள்ளையை அடுப்படியில் உட்கார வைக்கிறீர்களே, நுரையீரலுக்கு அதைவிடக் கெட்ட இடம் அந்த வீட்டிலேயே இல்லை. ஈரத்துணியை உள்ளே கொடி கட்டிக் காயப்போட்டால் சுவரில் பூஞ்சணம் பிடித்து, இழுப்பு இருக்கும் பிள்ளைக்கு இன்னும் கூடும். இஸ்தோப்பில், அதாவது முன் திண்ணையில், காயப்போடுங்கள், இரண்டு நாள் ஆனாலும் பரவாயில்லை.

டியூசன் வகுப்பு நடத்தும் ஆசிரியர்களே, உங்களோடும் ஒரு கோபம் இருக்கிறது. ஹட்டன் டவுனில் ஒரு மாடி மண்டபத்துக்குள் தோளோடு தோள் உரசப் பிள்ளைகளை அடைத்து, மழைச் சத்தத்தில் பாடம் கேட்கவில்லை என்று ஷட்டரையும் இறக்கி, மூன்று மணிநேரம். வெளிக்காற்றில் கரியமிலவாயு 420 பிபிஎம், அதாவது காற்றின் பத்து லட்சம் பங்கில் 420, என்ற அளவில் இருக்கும், அதை அளக்கும் சின்னக் கருவியை அந்த மண்டபத்தில் வைத்தால் எண் ஆயிரங்களில் நிற்கும். மற்றவர்கள் விட்ட மூச்சை எவ்வளவு இழுத்துக்கொண்டிருக்கிறோம் என்பதற்கு அதுதான் கணக்கு. மைக் வாங்குங்கள், ஷட்டரைத் தூக்குங்கள், ஒரு மின்விசிறியை வெளிப்பக்கம் பார்த்துத் திருப்பி வையுங்கள். பஸ்ஸிலும் இதே கதைதான், ஜன்னலை ஓர் அங்குலம் தள்ளினால் பின்னால் இருப்பவர் சண்டைக்கு வருகிறார். வந்தால் வரட்டும். மண்சரிவு எச்சரிக்கைக்காகப் பாடசாலை மண்டபத்திலோ கோயில் மண்டபத்திலோ தங்க நேர்ந்தால், இருமுகிறவர்களுக்கு முதல் நாளே தனி மூலை ஒதுக்குங்கள்.

முகக்கவசத்தைத் தாடைக்கு மாட்டுகிறவர்களுக்குச் சொல்ல என்னிடம் ஒன்றுமில்லை.

காய்ச்சல் அடிக்கும் பிள்ளையைத் தோட்டத்துக் குழந்தைக் காப்பகமான பிள்ளைக் காம்பராவில் விட்டுவிட்டு மலைக்குப் போகாதீர்கள் என்று சொல்ல வாய் கூசுகிறது, ஒரு நாள் நின்றால் பேர், அதாவது அன்றைய நாட்சம்பளம், போய்விடும், மாதச் சம்பளம் ஏற்கெனவே கடனில் இருக்கும். ஆனாலும் கேட்கிறேன், முதல் இரண்டு நாளாவது யாராவது ஒருவர் வீட்டில் நிற்க முடியுமா பாருங்கள். ஒரு பிள்ளை இருமினால் அங்கே படுக்கும் அத்தனை பிள்ளைக்கும் வருகிறது.

தடுப்பூசி அட்டையை எடுத்துப் பாருங்கள். சின்னமுத்துக்கான எம்.எம்.ஆர் ஊசி ஒன்பதாம் மாதம் ஒன்று, மூன்று வயதில் ஒன்று. இருமியவர் எழுந்து போன பிறகும் இரண்டு மணிநேரம்வரை அந்த அறைக் காற்றில் நிற்கக்கூடிய கிருமி அது. 2019இல் உலக சுகாதார நிறுவனம் நம் நாட்டில் சின்னமுத்து ஒழிந்துவிட்டது என்று அறிவித்தது, 2023இல் அது திரும்பி வந்தது, ஊசி விட்டுப்போனவர்களைத்தான் தேடிப் பிடித்தது.

சாதாரணத் தடிமனுக்கு அன்டிபயோட்டிக் வேலை செய்யாது. மருந்துக்கடையில் "போன தடவை தந்த அந்தக் குளிசை" என்று வாங்கி நாலு மட்டும் விழுங்கிவிட்டு மீதியைத் தகரப் பெட்டியில் போடும் வேலையை நிறுத்துங்கள். கொத்தமல்லி அவித்துக் குடியுங்கள், தாராளமாக. கொதிதண்ணீர்ச் சட்டியைப் பிள்ளையின் முகத்துக்கு நேரே வைத்து ஆவி பிடிக்க மட்டும் வேண்டாம், வெந்த முகங்களைப் பார்த்திருக்கிறேன். இன்னொன்று, மழைக்காலக் காய்ச்சல் எல்லாமே காற்றால் வருவதில்லை, டெங்கும் எலிக்காய்ச்சலும் இருக்கின்றன. எந்தக் காய்ச்சலுக்கும் பரசிட்டமோல் தவிர வேறு வலிக்குளிசையை நீங்களாக எடுக்காதீர்கள், மூன்றாம் நாளும் நிற்காவிட்டால் இரத்தம் சோதிக்க வாருங்கள்.

அந்தப் பாட்டியின் "புகை இருமலுக்கு" வருவோம். சளியைச் சோதித்தோம், காசநோய். இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் என்றால் புகை, பனி, வயசு என்று எந்தப் பெயரும் வைக்காதீர்கள், சளிப் பரிசோதனைக்கு வாருங்கள். நுவரெலியா, பதுளை, கண்டி என்று மாவட்டந்தோறும் மார்புநோய்க் கிளினிக் இருக்கிறது, பரிசோதனையும் மருந்தும் இலவசம். வழக்கமான சிகிச்சை ஆறு மாதம். இரண்டாம் மாதமே உடம்பு தேறிவிடும், அங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள், குளிசையை விட்டால் அது மருந்துக்கு அடங்காத நோயாகத் திரும்பி வரலாம். சிறுநீர் செம்மஞ்சளாகப் போகும், அது குளிசையின் நிறம், பயப்பட ஒன்றுமில்லை. சரியான மருந்து தொடங்கிச் சில வாரங்களில் பெரும்பாலானவர்களிடமிருந்து நோய் பரவுவது நின்றுவிடும், அதனால் பாட்டியின் தட்டையும் டம்ளரையும் பிரித்து வைத்து அவமானப்படுத்த வேண்டாம், அது தட்டால் பரவும் நோயே இல்லை. அந்த வீட்டிலுள்ள ஐந்து வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளைகளை மட்டும் கட்டாயம் கிளினிக்குக் கூட்டிப் போங்கள், அவர்களுக்கு முன்கூட்டியே கொடுக்கும் மருந்து இருக்கிறது.

கடைசியாக, பிள்ளைக்குச் சளி என்றால் நெஞ்சுச் சத்தத்தைக் கேட்டுப் பயப்படுவதைவிட மூச்சை எண்ணப் பழகுங்கள். அழாமல் இருக்கும்போது சட்டையைத் தூக்கிவிட்டு ஒரு முழு நிமிடம் எண்ண வேண்டும். இரண்டு மாதத்துக்குக் கீழே 60, அதிலிருந்து ஒரு வயதுவரை 50, ஒன்று முதல் ஐந்து வயதுவரை 40, இந்த எண்ணைத் தொட்டாலோ தாண்டினாலோ அன்றைக்கே வைத்தியசாலை. விலாவுக்குக் கீழே குழி விழுந்தால், குடிக்க மறுத்தால், உதடு நீலித்தால், எழுப்பியும் எழும்பாவிட்டால் ஒரு நிமிடம்கூட விடியலுக்குக் காத்திருக்காதீர்கள். 1990க்கு அழையுங்கள், சுவசெரிய அம்புலன்ஸ் இலவசம். லயம்வரை வண்டி ஏறாது என்றால் பெரிய ரோட்டுக்குத் தூக்கி வாருங்கள், மழைக்குத் தலையை மூடுங்கள், மூக்கையும் வாயையும் மூடிவிடாதீர்கள்.