தேத்தண்ணிப் பொட்டலமும் 100 மதிப்பெண்ணும்

பினாங்குத் தீவில், ஜார்ஜ்டவுனிலிருந்து தஞ்சோங் பூங்கா வழியாகப் பத்து ஃபெரிங்கிக்குப் போகும் சாலையில் வளைவுகளுக்குப் பஞ்சமில்லை. போன வாரம் மாமாக் கடையில் வாங்கிய தே தாரேக் புங்குஸை (பையில் கட்டித் தரும் இழுத்த தேத்தண்ணி) டேஷ்போர்டுக்குக் கீழே இருக்கும் கொக்கியில் மாட்டிவிட்டு அந்தப் பக்கம் போனேன். காரில் தொங்கும் தேத்தண்ணிப் பை உண்மையில் ஒரு முடுக்கமானி. பிரேக் பிடித்தால் முன்னால் சாயும், வளைவில் திரும்பினால் வெளிப்பக்கம் சாயும். எத்தனை டிகிரி சாய்கிறது என்று பார்த்தாலே காரின் மீதான விசையைச் சொல்லிவிடலாம். பை பெரிதா சிறிதா, சீனி குறைவா என்பதெல்லாம் கணக்கில் வராது.

ஒரே சீராகப் பிரேக் பிடிக்கும்போது பை 17 டிகிரி சாய்ந்தால், கார் புவியீர்ப்பு முடுக்கத்தில் 0.3 பங்கு என்ற வீதத்தில் வேகத்தை இழக்கிறது. இதை 0.3 ஜி என்பார்கள். வளைவில் 22 டிகிரி சாய்ந்தால் பக்கவாட்டு விசை 0.4 ஜி. (சட்டென்று மிதித்தால் பை ஊஞ்சல் மாதிரி மிகையாக ஆடிவிடும், அந்த ஆட்டத்தை நம்பக் கூடாது.)

இந்த 0.3, 0.4 இரண்டும் நானாக எடுத்தவை அல்ல. காரைத் தானாக ஓட்டும் மென்பொருளை மற்றவர்களுக்கு முன்பாக யாருக்குத் தரலாம் என்று டெஸ்லா தேர்வு வைத்தபோது போட்ட கோடுகள் அவை. 2021 செப்டம்பரில் அமெரிக்காவில் கார்த் திரையில் ஒரு பொத்தான் வந்தது. மென்பொருளுக்குப் பணம் கட்டியவர்கள் அதை அழுத்தி விண்ணப்பித்தால், அவர்கள் ஓட்டும் முறையைக் கார் கவனித்து 100க்கு மதிப்பெண் போடும். அக்டோபரில் முதலில் உள்ளே விடப்பட்டவர்கள் 100க்கு 100 வாங்கிய சுமார் 1,000 பேர். அப்புறம் கோட்டைக் கொஞ்சம் கொஞ்சமாக இறக்கினார்கள். 2022 நவம்பரில், வட அமெரிக்காவில் பணம் கட்டிய யாரும் கேட்டு வாங்கிக்கொள்ளலாம் என்றாகிவிட்டது.

மதிப்பெண்ணை முடிவு செய்தவை ஐந்து. திடீர் பிரேக், வேகத் திருப்பம், முன் வண்டியை ஒட்டிப் போவது, மோதப் போகிறாய் என்று கார் கத்துவது, ஓட்டுநர் கவனிக்காததால் தானோட்டி (ஆட்டோபைலட்) தானே அணைந்துபோவது. 600 கோடி மைல் ஓட்டத் தரவிலிருந்து ஒரு சூத்திரம் செய்து, 10 லட்சம் மைலுக்கு எத்தனை மோதல் நேரலாம் என்று மதிப்பிட்டு, அதை மதிப்பெண்ணாக மாற்றினார்கள். சூத்திரத்தை அவர்களே வெளியிட்டார்கள், அதனால் நாமும் போட்டுப் பார்க்கலாம்.

பார்த்தால் ஐந்துக்கும் ஒரே எடை இல்லை. திடீர் பிரேக் 1 விழுக்காடு என்றால் மதிப்பெண் 98க்கு இறங்குகிறது. வேகத் திருப்பம் அதே 1 விழுக்காடு என்றால் 99.7. முன் வண்டியை ஒட்டிப் போவதோ 20 விழுக்காடு இருந்தாலும் அரைப் புள்ளிக்கும் குறைவாகவே போகும். தானோட்டி ஒரே ஒரு முறை அணைந்தால் அந்த ஓட்டத்துக்கு ஏறக்குறைய 5 புள்ளி காலி.

எதில் 1 விழுக்காடு? இங்கேதான் சுவாரசியம். எத்தனை முறை திடீரென்று பிரேக் பிடித்தீர்கள் என்று அவர்கள் எண்ணவில்லை. 0.1 ஜிக்கு மேல் பிரேக் பிடித்த மொத்த நேரத்தில், 0.3 ஜியைத் தாண்டிய நேரம் எவ்வளவு என்று பார்த்தார்கள். ஒரு நாளில் 100 வினாடி பிரேக் பிடித்து, அதில் 1 வினாடி கடுமை என்றால் 98 மதிப்பெண். அதே 1 வினாடிக் கடுமையோடு, தேவையே இல்லாமல் இன்னும் 100 வினாடி மெல்லப் பிரேக் பிடித்துக்கொண்டே போயிருந்தால் 99! குழம்பில் உப்பு கூடினால் தண்ணீர் ஊற்றி விளாவுகிற மாதிரிதான். உப்பு அப்படியே இருக்கிறது, நாக்குக்கு மட்டும் தெரியாது.

மணிக்கு 60 கிலோமீட்டரில் போகும் காரை 0.3 ஜிக்குள் நிறுத்த 47 மீட்டர் வேண்டும். காய்ந்த சாலையில் முழு பலத்தோடு மிதித்தால் 18 மீட்டரில் நிறுத்தலாம். இந்த 29 மீட்டர் வித்தியாசத்தில் ஒரு குழந்தை நின்றால் யாரும் மதிப்பெண்ணை நினைக்க மாட்டார்கள். ஆனால் மஞ்சள் விளக்கு விழுந்தால்? பிரேக்கைத் தொட்டால் 100 போய்விடுமே என்று தாண்டிப் போனதாகக் கார் வைத்திருந்தவர்களே சொன்னார்கள். மலேசியாவில் ஓட்டுநர்களின் தவறுக்குப் புள்ளி போடும் நம் கெஜாரா முறையில் சிவப்பு விளக்கைத் தாண்டினால் அபராதப் புள்ளி ஏறும். அந்த ஐந்தில் விளக்குக்கு இடமே இல்லை. வேகத்துக்கும் முதலில் இல்லை, பிறகுதான் சேர்த்தார்கள். 2023 பிப்ரவரியில் அந்த மென்பொருள் இருந்த 3,62,758 கார்கள் திரும்ப அழைக்கப்பட்டன (பழுதுபார்த்தது இணையம் வழியே வந்த புதுப்பிப்பு). சொன்ன காரணங்களில் ஒன்று, மஞ்சள் விளக்கில் போதிய எச்சரிக்கையின்றிச் சந்திப்புக்குள் நுழைவது. மாணவனுக்கு ஏற்ற வாத்தியார்.

வளைவுக் கணக்கில் எனக்குக் குறையில்லை. விசை, வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. 30 மீட்டர் ஆர வளைவில் 40 கிலோமீட்டரில் திரும்பினால் 0.42 ஜி, கோட்டைத் தாண்டிவிட்டீர்கள். 30க்கு இறக்கினால் 0.24தான். பத்தைக் குறைத்ததில் விசை பாதியை நெருங்கிவிட்டது. பையும் அதையே சொன்னது.

ஒட்டிப் போவதை நம்மூரில் அளப்பது வேறு கதை. டெஸ்லாவின் தேர்வில், மணிக்கு 50 மைல், அதாவது 80 கிலோமீட்டருக்கு மேல் போகும்போது முன் வண்டியோடு 1 வினாடிக்கும் குறைந்த இடைவெளி விட்டால் குற்றம். 80இல் 1 வினாடி என்பது 22 மீட்டர். அவ்வளவு இடம் விட்டு ஓட்டிப் பாருங்கள், இரண்டு கார் நடுவில் வந்து உட்காரும், மூன்றாவதாக ஒரு மோட்டாரும் நுழையும். தப்பு அவர்களுடையது, வினாடி குறைவது உங்கள் கணக்கில்.

எனக்கு உறுத்துவது இன்னொன்று. அந்த மென்பொருளில் கார் ஓட்டும், மனிதர் கண்காணிக்க வேண்டும். இதைத் தானியங்கித் தரவரிசையில் 2ஆம் நிலை என்பார்கள், பொறுப்பு மனிதருடையதே. தேர்வு வைத்ததோ காலுக்கும் கைக்கும். உட்கார்ந்து கவனிப்பது வேறு திறமை. 1948இல் பிரிட்டிஷ் உளவியலாளர் நார்மன் மாக்வொர்த், ராடார் காவலர்கள் ஏன் கோட்டை விடுகிறார்கள் என்று பார்க்க ஒரு வெற்றுக் கடிகாரத்தைச் செய்தார். முள் ஒவ்வோர் அடியாக நகரும், எப்போதாவது இரண்டடி தாவும், தாவியதைச் சொல்ல வேண்டும். முதல் அரை மணியிலேயே கவனம் சரிந்தது. ஒழுங்காக ஓடும் கார் அந்தக் கடிகாரத்தைப் போன்றது. எவ்வளவு நன்றாக ஓடுகிறதோ அவ்வளவு தூக்கம் வரும். ஐந்தாவது அளவுகோல் ஒன்றுதான் கவனத்தைத் தொட்டது. உட்புறக் கேமரா இருந்த கார்களில், கவனம் தவறித் தானோட்டி அணைவது 5 முறை நேர்ந்தால் மென்பொருளையே பறிக்கும் முறை வந்தது உள்ளே விட்ட பிறகுதான்.

சரி, என் ஓட்டத்துக்கு வருகிறேன். போகும்போது பை 15 டிகிரியைத் தாண்டவில்லை, எனக்கு 100தான் என்று பெருமையாக இருந்தது. திரும்பும்போது தஞ்சோங் தோக்கோங் பக்கம், சாப்பாட்டுப் பெட்டியோடு ஒரு மோட்டார் இடப்புறச் சந்திலிருந்து திரும்பிப் பார்க்காமல் நுழைந்தது. முழு பலத்தோடு மிதித்தேன். பை டேஷ்போர்டில் மோதி முடிச்சு அவிழ்ந்தது. மோட்டார்க்காரர் கையைத் தூக்கிக் காட்டிவிட்டுப் போய்விட்டார். மனைவி கால் பாயைப் பார்த்தார். "டிகிரி எவ்வளவுங்க?" என்றார்.