இயக்க உராய்வு: சொல்லும் கணக்கும்

பொன்னை உரைகல்லில் உரைப்பதும், குழந்தைக்கு வசம்பு உரைத்துக் கொடுப்பதும், வண்டி சுவரில் உரசிவிட்டது என்பதும் ஒரே சொற்குடும்பம். உராய்தல் அந்தக் குடும்பத்துப் பிள்ளைதான். அதிலிருந்து வந்தது உராய்வு. ஆங்கிலத்தின் ‘ஃப்ரிக்ஷன்’ என்பதும் தேய்த்தல் என்று பொருள்படும் லத்தீன் சொல்லிலிருந்து வந்ததுதான். ‘கைனடிக் ஃப்ரிக்ஷன்’ என்பதில் அதன் கூட வரும் ‘கைனடிக்’ கிரேக்கம். அசைவைக் குறிக்கும் அந்த வேர்தான் சினிமாவுக்கும் வேர். இரண்டையும் சேர்த்து நம் பாடநூல்கள் இயக்க உராய்வு என்கின்றன.

சொல் சரிதான், ஆனால் ‘இயக்க’ என்பது கொஞ்சம் ஏமாற்றும். பொருள் ஓடிக்கொண்டிருந்தால் போதாது. தொட்டுக்கொண்டிருக்கும் இரண்டு பரப்புகளில் ஒன்று மற்றதன்மேல் சறுக்க வேண்டும். என்னைக் கேட்டால் ‘சறுக்கு உராய்வு’ இன்னும் தெளிவான பெயர். தேர்வில் மட்டும் பாடநூல் சொல்லையே எழுதுங்கள்.

கணக்குக்கு வருவோம். கிருஷ்ணகிரிப் பக்கம் அறுத்த கிரானைட் கல் ஒன்று, 200 கிலோ, மரப்பலகை மேல் சறுக்குகிறது. உராய்வுக் குணகம், அதாவது பரப்புகளை அழுத்தும் விசையில் எத்தனை பங்கு உராய்வாகிறது என்ற எண், 0.4 என்று வைத்துக்கொள்வோம். தரை சமமாக இருந்தால் பலகை கல்லைத் தாங்கும் செங்குத்து விசை, எடைக்குச் சமம்: 200 × 9.8 = 1960 நியூட்டன். அதை 0.4 ஆல் பெருக்கினால் உராய்வு 784 நியூட்டன். இந்த அளவு தள்ளிக்கொண்டே இருந்தால் கல் மாறாத வேகத்தில் நகரும்.

இப்போது பலகையை 30 பாகை சாய்த்து லாரியில் சார்த்துங்கள். நிறைய பேர் இங்கேயும் 784 என்று எழுதிவிடுவார்கள். சாய்தளத்தை அழுத்துவது முழு எடை அல்ல, எடை × கொசைன் 30 மட்டுமே, அதாவது சுமார் 1697 நியூட்டன். ஆகவே உராய்வு சுமார் 679. சரிவின் வழியே கல்லைக் கீழே இழுப்பது எடை × சைன் 30, அதாவது 980. மிச்சம் 301 நியூட்டன், 200 கிலோவுக்கு நொடிக்கு நொடி வேகம் சுமார் 1.5 மீட்டர் கூடும். கயிறு கட்டி மேலே இழுத்தால் உராய்வு கீழ்நோக்கித் திரும்பிவிடும். 980ம் 679ம் கூடி, 1659 நியூட்டன் தேவைப்படும்.

சாய்வைச் சுமார் 22 பாகைக்குக் குறைத்தால் இழுப்பும் உராய்வும் சமமாகும். அங்கே சறுக்க ஆரம்பித்த கல் அதே வேகத்தில் இறங்கும். அந்தக் கோணத்தின் டேன்ஜென்ட்தான் குணகம். நிறை எவ்வளவு என்பது அதில் வரவே வராது.

உராய்வு அழுத்தும் விசையைப் பொறுத்தது, தொடும் பரப்பளவைப் பொறுத்ததல்ல என்று 1699இல் பிரெஞ்சு அறிவியலாளர் அமோந்தோன் சொன்னார். வேகமும் பெரிதாகப் பாதிக்காது என்பது 18ஆம் நூற்றாண்டில் இன்னொரு பிரெஞ்சு அறிவியலாளர் கூலோம் சேர்த்தது. இரண்டும் தோராய விதிகள்தான், ஆனால் இதுபோன்ற கணக்குகளுக்குப் போதும்.

அப்புறம் தர்மபுரி–சேலம் சாலையில் இருக்கும் தொப்பூர் கணவாய். அங்கே இறங்கும் லாரியின் டயர் சறுக்காமல் உருளும்போது, சாலையைத் தொடும் இடத்தில் இருப்பது ஓய்வுநிலை உராய்வு, அதாவது பரப்புகள் ஒன்றன்மேல் ஒன்று சறுக்காதபோது இருக்கும் உராய்வு. இயக்க உராய்வு பிரேக் டிரம்முக்குள் நடக்கிறது. லைனிங் சூடாவது அதனால்தான். சக்கரம் பூட்டிக்கொண்டு டயர் தேய்ந்து இழுபட்டால் மட்டுமே, கல்லுக்குப் போட்ட கணக்கை அந்த டயருக்கும் போடலாம்.